ஜல்லி பொறுக்கிய இடத்தில் முள்ளுக் கத்தரி

எங்கள் வீட்டில் கத்தரிக்காய் என்றால் முள்ளுக் கத்தரிக்காய்தான். மற்றதெல்லாம் ஆயாவுக்கு (எங்கள் பக்கம் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவோம்) வெறும் "சந்தைக் காய்". வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கம் இருக்கும் இலவம்பாடியிலிருந்து வந்த கூடை என்று தெரிந்தால்தான் குனிந்து கை வைப்பார். அதுவும் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு. இலையில் முள், தண்டில் முள், காயின் தலையில் தொப்பி மாதிரி கவிழ்ந்திருக்கும் பச்சைப் பகுதியிலும் முள். பளபளவென்ற ஊதா நிறம். எண்ணெயில் போட்டு வதக்கினால் தோலும் சதையும் சேர்ந்து குழைந்துவிடும். ஆம்பூர் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள வைக்கும் புளிப்பான கத்தரிக்காயை இந்தக் காயில் செய்து ஒருமுறை சாப்பிட்டவர்கள் வேறு காயைத் தொட யோசிப்பார்கள். 2023 பிப்ரவரியில் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே சமயத்தில்தான் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கும் கிடைத்தது. செய்தியைப் படித்த அன்று இரவே, இதை வீட்டில் போட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் 20 அடி நீளம், 10 அடி அகலத்தில் ஒரு துண்டு இடம் சும்மா கிடந்தது. முதல் வருஷம் அதில் நான் செய்ததெல்லாம் தப்பு. மேல் மண்ணை நாலு கொத்து கொத்தி, தெரிந்தவர் மாட்டுக்கொட்டகையிலிருந்து இரண்டு மூட்டை சாணத்தைக் கொண்டுவந்து கொட்டி, தட்டில் வளர்த்த நாற்றை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நட்டேன். பாதி நாற்று தட்டிலேயே விழுந்துவிட்டது. நட்டவற்றில் ஆறு செடி தப்பியது. அவையும் முழங்கால் உயரத்தில் நின்று, இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக, மூன்றே மூன்று காய் கொடுத்தன. செடி பிடுங்கும் அன்று வேரைப் பார்த்தேன். ஒரு சாண்கூட இறங்கவில்லை. பக்கவாட்டில் மடங்கி, ஒரு சிமெண்ட் கட்டியைச் சுற்றிக்கொண்டிருந்தது.

அந்த வேரைப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது. செடி நட்டபின் செய்வதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம்: என்ன மருந்து அடிப்பது, என்ன உரம் வைப்பது. நடுவதற்கு முன்னால் இருக்கும் நாலைந்து மாதத்தை யாரும் கணக்கில் வைப்பதில்லை. இந்தக் கட்டுரை அந்த நாலைந்து மாதத்தைப் பற்றி மட்டும்தான். காய் பறிப்பதுவரை எழுதப் போவதில்லை.

வீடு கட்டிய மனையில் மண் என்று ஒன்று தனியாக இருக்காது. அஸ்திவாரம் தோண்டிய மண், மீந்துபோன ஜல்லி, கொட்டிய சிமெண்ட் பால், சுண்ணாம்பு, உடைந்த செங்கல், டைல்ஸ் துண்டு எல்லாம் கலந்துதான் "தோட்டம்" என்று நாம் நினைக்கும் இடம் இருக்கும். நான் ஒரு கைப்பிடி மண்ணைத் தட்டில் வைத்து வினிகர் ஊற்றிப் பார்த்தேன். சோடா மாதிரி நுரைத்தது. மண்ணில் சுண்ணாம்பு அதிகம் என்பதற்கு அது அடையாளம். இரும்புச் சத்து மண்ணில் இருந்தாலும் அந்தக் காரத்தன்மையில் வேரால் அதை எடுக்க முடியாது. நரம்பு பச்சையாக, இடையில் மஞ்சளாக என் செடிகள் நின்றதற்கு அதுதான் காரணம். விரிஞ்சிபுரத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, மண் பரிசோதனை பற்றி அங்கே கேட்கலாம். எனக்கு வந்த பரிசோதனை முடிவில் கார அமில நிலை 8.4 என்று இருந்தது. கத்தரிக்கு 6.5, 7 பக்கம் இருந்தால் நல்லது.

சரி, இரண்டாவது வருஷம் மார்ச் மாதத்திலேயே கடப்பாரையை எடுத்தேன். இரண்டு பாத்தி போதும் என்று முடிவு. ஒவ்வொன்றும் 10 அடி நீளம், 4 அடி அகலம். நடுவில் நடக்க வழி. ஒன்றரை அடி ஆழம் தோண்டி, மண்ணை வெளியே எடுத்து, மணல் சலிக்கும் பெரிய சல்லடையைச் சாய்த்து வைத்து முழுவதையும் அதில் வீசினேன். காலை 6 மணியிலிருந்து எட்டரை வரை, 19 நாள். என் பையன் ஜல்லியைத் தனியாக, சிமெண்ட் கட்டியைத் தனியாகப் பக்கெட்டில் பொறுக்கிப் போட்டான். மொத்தம் 31 பக்கெட். அடியில் ஓர் அடிக்குக் கீழே வந்ததும் நிறம் மாறியது. சிவப்பாக, கையில் பிடித்தால் ஒட்டாமல் உதிரும் பழைய மண். இந்த இடம் மனையாவதற்கு முன் யாரோ வேர்க்கடலையோ கேழ்வரகோ போட்ட கொல்லையாக இருந்திருக்க வேண்டும். எங்கள் பக்கம் மானாவாரி நிலத்தைக் கொல்லை என்றுதான் சொல்வோம், நெல் விளைவதைக் கழனி என்போம். அந்தச் சிவப்பு மண்ணைப் பார்த்ததும் அன்றைக்கு வேலையை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஆயாவைக் கைப்பிடித்துக் கூட்டிவந்து காட்டினேன். ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்து, "இது இன்னும் உசுரோட கீது" என்றார்.

சலித்த மண் போதவில்லை. ஏரி வண்டல் ஒரு குட்டி யானை வண்டி வாங்கிக் கலந்தேன். வெறும் செம்மண்ணில் தண்ணீர் நிற்காது, வெறும் வண்டலில் தண்ணீர் இறங்காது. இரண்டு பங்கு செம்மண்ணுக்கு ஒரு பங்கு வண்டல் எனக்குச் சரியாக வந்தது. கலவை சரியா என்று பார்க்க ஒரு கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண்ணைப் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, ஒரு நாள் அசைக்காமல் வைத்தேன். அடியில் மணல், அதன்மேல் வண்டல், மேலே களி என்று மூன்று கோடாகப் படிந்தது. களி மேலே மெல்லிசாகத்தான் இருந்தது. வேர் இறங்கிவிடும் என்று நம்பிக்கை வந்தது.

அடுத்ததாகச் செய்ததை வேலூர்க்காரர்கள் எல்லோரும் செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். நம்மூர் வெயில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். மலைப்பாறைகள் இரவிலும் அனல் விடும். அந்த வெயிலையே மண்ணைச் சுத்தம் செய்யப் பயன்படுத்தலாம். பாத்தியைச் சமமாக்கி, நன்றாகத் தண்ணீர் விட்டு, நிறமில்லாத பாலிதீன் தாளை இழுத்து மூடி, நாலு ஓரத்தையும் மண்ணுக்குள் புதைத்துவிட வேண்டும். கறுப்புத் தாள் போடக் கூடாது. கறுப்பு, சூட்டைத் தானே வாங்கிக்கொள்ளும். நிறமில்லாத தாளில் வெயில் நேராக மண்ணுக்குப் போய் அங்கேயே அடைபடும். ஈரம் இருந்தால்தான் சூடு உள்ளே இறங்கும். ஏப்ரல் கடைசி வாரம் மூடினேன். கத்திரி வெயில் முழுவதும் அப்படியே கிடந்தது. மே நடுவில் ஒரு மதியம் தாளின் ஓரத்தைத் தூக்கி, வெப்பமானியை இரண்டு அங்குலம் செருகிப் பார்த்தேன். 51 டிகிரி. கோரை, அருகு இரண்டும் ஆழத்தில் கிழங்கும் வேரும் வைத்திருப்பதால் முழுவதும் போகாது. மற்றக் களை விதைகளும், வேரில் முடிச்சுப் போடும் நூற்புழுவும், நாற்றைக் கழுத்தில் பிடிக்கும் பூஞ்சையும் பெருமளவு குறைந்துவிடும். ஆறு வாரம் அப்படியே விட்டேன்.

ஜூன் முதல் வாரம் தாளை எடுத்தேன். அந்த மண்ணில் கெட்டதும் குறைந்திருக்கும், நல்லதும் குறைந்திருக்கும். மறுபடி உயிர் ஏற்ற வேண்டும். இங்கேதான் எருவைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் வருஷம் என்னைக் கவிழ்த்ததில் பாதி அது.

பச்சைச் சாணம் எரு ஆகாது. மக்காத சாணத்தை மண்ணில் போட்டால் அது மக்கும்போது சூடு கிளம்பும், மண்ணில் இருக்கும் தழைச்சத்தையும் அந்த நேரத்துக்கு இழுத்துக்கொள்ளும். கறையான் வரும். விரல் தடிமனில் வளைந்து கிடக்குமே வெள்ளைப் புழு, அது வேரைக் கடிக்கும். நல்ல எருவைக் கையில் எடுத்தால் சாண நாற்றம் இருக்காது. மழை பெய்த மறுநாள் தோப்புக்குள் வருமே, அந்த வாசனைதான் வரும். உதிர்த்தால் டீத்தூள் மாதிரி இருக்கும், வைக்கோல் துண்டு எது, சாணம் எது என்று பிரிக்க முடியாது. இந்த முறை ஒரு வருஷத்துக்கு மேல் குழியில் கிடந்த எருவைத் தேடி வாங்கினேன். பொதுவாக ஏக்கருக்கு 10 டன் என்று சொல்வார்கள். அந்தக் கணக்கில் என் ஒரு பாத்திக்கு 10 கிலோதான் வரும். மண் மோசமாக இருந்ததால் அதைப்போல் மூன்று பங்கு போட்டேன். போடுவதற்கு 15 நாள் முன்பே அதில் டிரைக்கோடெர்மா விரிடியைக் கலந்து, நிழலில் குவித்து, ஈரச் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தேன். அது நல்ல பூஞ்சை, நாற்றழுகல் பூஞ்சையை வளரவிடாது. சாக்கைத் தூக்கியபோது எருவின்மேல் பச்சைப் பொடி தூவினாற்போல் படர்ந்திருந்தது. பாத்திக்கு ஒரு கிலோ வேப்பம் புண்ணாக்கும் இடித்துப் போட்டுக் கொத்திவிட்டேன்.

தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் போர் தண்ணீர் உப்பு. குளித்தால் முடி கயிறாகிவிடும். பெரிய செடி அதைத் தாங்கிக்கொள்ளும், நாற்று தாங்காது. தெருக்குழாயில் வரும் காவிரித் தண்ணீரையும் மே மாதக் கோடை மழையில் மாடியிலிருந்து பிடித்த தண்ணீரையும் டிரம்மில் சேர்த்து வைத்து, நாற்றுக்கு அதை மட்டும் விட்டேன். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடியில் இருப்பவர்கள் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்காமல் சாப்பாட்டுச் செடிக்கு விட வேண்டாம். தோல் பதனிடும் கழிவு பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்தது பழைய கதை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று, மாசு செய்தவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இந்தியா முழுக்கச் சட்ட மாணவர்கள் படிக்கும் தீர்ப்பு அது. தீர்ப்பு வந்தும் இன்றுவரை உப்பேறிக் கிடக்கும் கிணறுகள் எங்கள் பக்கம் இருக்கின்றன. எனக்கு அதில் தீராத கோபம் உண்டு.

விதைக்கு வருகிறேன். இலவம்பாடி நாட்டு ரகத்திலிருந்தே தேர்வு செய்து வேளாண் பல்கலைக்கழகம் வி.ஆர்.எம். 1 என்று ஒரு ரகம் கொடுத்திருக்கிறது. எனக்குக் கிடைத்தது நாட்டு விதை. ஒடுகத்தூர் போகும் வழியில் ஒரு கிராமத்தில் என் பெரியம்மா இருக்கிறார். அவருடைய கொல்லையில் இப்போது தென்னை. ஆள் கிடைக்காததாலும் தண்டு துளைப்பான் புழுவுக்கு மருந்தடித்து மாளாததாலும் கத்தரி போடுவதை விட்டுவிட்டார். கடைசியாகப் போட்டபோது எடுத்த விதையைச் சாம்பல் கலந்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் வைத்திருந்தார். மூன்று வருஷ விதை. "மொளைக்குதோ இல்லையோ, எடுத்துகினு போ கண்ணு" என்று உள்ளங்கையில் தட்டினார். விதையை அவர் எடுத்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. முதல் பறிப்புக் காயை விதைக்கு விடமாட்டாராம். செடி நன்றாகத் தேறியபின் வரும் காயில் இரண்டை விட்டு, மஞ்சளாகிப் பழுத்து மெத்தென்று ஆனதும் பறித்து, பிசைந்து தண்ணீரில் விடுவார். மிதப்பதை வடித்துவிட்டு மூழ்கியதை மட்டும் நிழலில் உலர்த்துவார்.

60 விதை எண்ணி எடுத்தேன். ஒரு ராத்திரி ஊறவைத்து, வடித்து, ஒரு சிட்டிகை டிரைக்கோடெர்மாவில் புரட்டி நிழலில் ஆறவிட்டேன். ஆனி மாதம், ஜூன் கடைசி வாரம். முதல் வருஷம் தட்டில் தென்னை நார்க் கழிவை அப்படியே நிரப்பியிருந்தேன். அதில் உப்பு இருக்கும், மூன்று தடவை அலசிப் பிழிய வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. மாலையில் வேறு தண்ணீர் விட்டேன். ராத்திரி முழுவதும் ஈரம். காலையில் பார்த்தால் நாற்று சாய்ந்து கிடக்கும். இலை பச்சையாகத்தான் இருக்கும். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் மட்டும் நூல் கட்டி இறுக்கியதுபோல் மெலிந்து பழுப்பாகியிருக்கும். அதுதான் நாற்றழுகல். வந்தபின் செய்ய ஒன்றும் இல்லை.

இந்த முறை தட்டு வேண்டாம் என்று 3 அடிக்கு 2 அடியில் அரை அடி உயர மேட்டுப்பாத்தி போட்டேன். மண், எரு, ஆற்று மணல் மூன்றும் சம அளவு. இரண்டு அங்குலத்துக்கு ஒரு கோடு கிழித்து, அரை அங்குல ஆழத்துக்குக் குறைவாக, விதைக்கு விதை விரல் இடைவெளி. மேலே மணல் தூவி வைக்கோல் மூடினேன். பூவாளியில் காலை மட்டும் தண்ணீர். ஏழாவது நாள் வைக்கோலைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தபோது வெள்ளை வெள்ளையாக வளைந்த கழுத்துகள், விதைத்தோலைத் தலையில் சுமந்துகொண்டு. அன்று மாலையே வைக்கோலை எடுத்துவிட்டேன். ஒரு நாள் தாமதித்தாலும் வெளிச்சம் தேடி நீண்டு வெளுத்துவிடும். 41 முளைத்தன. பழைய விதைக்கு அது அதிகம்.

நாலு குச்சி நட்டு கொசுவலையைக் கட்டினேன். தத்துப்பூச்சியும் வெள்ளை ஈயும் உள்ளே வரக் கூடாது. இலைகள் சிறுத்துப் பூவே வைக்காமல் போகுமே சிற்றிலை நோய், அதைத் தத்துப்பூச்சிதான் செடிக்குச் செடி கொண்டுபோகும். நாற்றிலேயே தொற்றிவிட்டால் அப்புறம் பிடுங்கிப் போடுவதைத் தவிர வழியில்லை.

முதல் இரண்டு இலையில் கத்தரியா, சுண்டையா, வேறெதுவுமா என்று எனக்குத் தெரியவில்லை. நாலாவது இலை விரிந்த அன்று பையன்தான் கூப்பிட்டான். இலையைத் திருப்பிக் காட்டினான். நடு நரம்பின்மேல் ஊதாவாக, ஊசி முனையைவிடச் சின்னதாக ஒரு முள். விரலால் தொட்டால் குத்தக்கூட இல்லை, பூனைக்குட்டி நகம்போல வளைந்தது. ஆயாவிடம் போய்ச் சொன்னேன். "முள்ளு வந்துடிச்சா, அப்ப நம்புளுதுதான்" என்றார்.

30 நாள் தாண்டியதும் தண்ணீரைக் குறைத்தேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள், அப்புறம் இலை மதியம் லேசாகத் தொங்கினால் மட்டும். வலையையும் பகலில் சில மணி நேரம் எடுத்துவிட்டேன். இப்படி ஒரு வாரம் பழக்கினால் தண்டு கெட்டியாகி அடியில் ஊதா ஏறும். நடும்போது தாங்கும். சாண் உயரம், ஐந்தாறு இலை. இதைவிட வளரவிட்டால் வேர் பின்னிக்கொண்டு நட்டபின் பிடிக்க நாளாகும்.

ஆடிப்பெருக்கு அன்று மாலை 5 மணிக்குமேல் நட்டேன். ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள், கத்தரிக்கு ஆனியில் விதைத்து ஆடியில் நடுவது எனக்குச் சரியாக அமைந்தது. தென்மேற்குப் பருவ மழை எங்கள் பக்கம் சாயங்காலம் இடியோடு வந்து போகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழை வருவதற்குள் செடி காலூன்றிவிடும். காலையிலேயே நாற்றுப் பாத்தியை நன்றாக நனைத்து வைத்திருந்தேன். பிடுங்கவே இல்லை. கொத்தால் நெம்பி, வேரைச் சுற்றிய மண்ணோடு இரண்டு கையிலும் ஏந்தி எடுத்தேன். 2 அடிக்கு ஒரு குழி, பாத்திக்கு இரண்டு வரிசையாகப் பத்து. குழிக்குள் ஒரு கைப்பிடி எரு. நாற்று இருந்த ஆழத்தைவிட அரை அங்குலம்தான் கூடுதலாக இறக்கினேன். தக்காளியைப்போல் கழுத்துவரை புதைக்கக் கூடாது. சுற்றி மண்ணை அணைத்து, இரண்டு கட்டை விரலால் அழுத்தி, தண்ணீர். மேற்குப் பக்கம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பனை ஓலைத் துண்டைச் செருகினேன். மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர். அன்று காலை இருபதில் பதினெட்டு நிமிர்ந்து நின்றன. மீதி இரண்டும் ஐந்தாம் நாள் எழுந்துவிட்டன.

தக்காளியும் மிளகாயும் போட்ட இடத்தில் உடனே கத்தரி போட வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே குடும்பம், ஒரே வாடல் நோய். அடுத்த வருஷம் இந்தப் பாத்தியில் எனக்குத் தட்டைப்பயறுதான்.

மீந்த நாற்று 21. எதிர்வீட்டுக்கு நாலு, மூலையில் இருக்கும் அண்ணனுக்கு ஐந்து. மீதி 12 நாற்றை மண்ணுருண்டையோடு வாழைமட்டையில் சுற்றி, ஈரச் சாக்கில் வைத்து, வண்டியில் முன்னால் நிறுத்திக்கொண்டு ஒடுகத்தூர்ப் பக்கம் போனேன். பெரியம்மா வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு ஒரு நாற்றை எடுத்து, இலையைத் திருப்பி, நரம்பில் விரலை ஓட்டினார். அப்புறம் வேர் மண்ணைக் கொஞ்சம் உதிர்த்து மோந்து பார்த்தார்.

"எரு பழசா போட்டியா?"

"ஒரு வருஷத்துக்கு மேல ஆனது பெரிம்மா."

தென்னைக்குப் பக்கத்தில் துணி துவைக்கும் கல்லுக்கு அப்பால் கொஞ்சம் வெயில் விழும் இடம் இருந்தது. மண்வெட்டியை எடுத்து வரச் சொன்னார்.